நீராவி பாய்லரைச் சுற்றியுள்ள குழாய்களை நாமே மாற்றலாமா? தாமிர ஹெடர், டங் டங் சத்தம், குதிக்கும் நீர்மட்டம்

மரவீடு
வணக்கம் மக்களே. 1920-களில் கட்டின வீடு. ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டர்கள் (நீராவி போறதும் தண்ணி திரும்பறதும் ஒரே குழாய்ல). பாய்லர் முந்தைய உரிமையாளர் போட்டது, இன்னும் கசிவு ஒன்றும் இல்லை. பிரச்சினை இதுதான்: பர்னர் பிடிச்சு தண்ணி கொதிக்க ஆரம்பிச்சதும் சைட் கிளாஸ்ல (பாய்லர் தண்ணி அளவு காட்டற கண்ணாடிக் குழாய்) நீர்மட்டம் மேலும் கீழும் குதிக்குது. கொஞ்ச நேரத்துல கண்ணாடில தண்ணியே காணோம், லோ வாட்டர் கட்-ஆஃப் (தண்ணி குறைஞ்சா அணைக்கிற கருவி) பர்னரை நிறுத்திடுது. அப்புறம் தண்ணி திரும்பி வந்து மறுபடி பிடிக்குது. கூடவே பேஸ்மென்ட் குழாய்ல சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம். முன்னறை ரேடியேட்டர் வென்ட்ல (காத்தை வெளியே விடற வால்வு) இருந்து தண்ணி துப்புது.

பாய்லர் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அதுல 2 இஞ்ச் ரைசர் (பாய்லர்ல இருந்து மேல ஏறுற குழாய்) ரெண்டு, நீர்மட்டத்துக்கு 24 இஞ்ச் மேல ஹெடர் (ரைசர்கள் வந்து சேர்ற படுக்கைக் குழாய்), ஈக்வலைசர் (ஹெடர்ல இருந்து பாய்லர் அடிக்கு இறங்கற குழாய்), ஹார்ட்ஃபோர்ட் லூப் (திரும்பி வர்ற தண்ணி ஈக்வலைசர்ல சேர்ற இணைப்பு)னு படம் இருக்கு. எங்க வீட்டுல இருக்கிறது: பாய்லர்ல நீராவி வெளியேறுற ரெண்டு வாய்ல ஒரு வாயை பிளக் போட்டு அடைச்சிருக்காங்க. இன்னொரு வாய்ல இருந்து 1½ இஞ்ச் தாமிரக் குழாய், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேல போய் நேரா ஒரு டீயோட (T வடிவ இணைப்பு) வயித்துல முட்டுது. அங்கிருந்து இடம் வலமா ரெண்டு மெயினுக்கும் (ரேடியேட்டர்களுக்கு நீராவி கொண்டு போற பெரிய குழாய்) பிரியுது. ஈக்வலைசர்னு ஒண்ணு இருக்கு, விரல் மொத்தம்.

பார்க்க வந்த டெக்னீஷியன் பாய்லரையே மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். சாதாரண பிளம்பிங் எனக்குக் கைவந்ததுதான், 2 இஞ்ச் இரும்புக் குழாய் தொட்டதில்லை. இதை மட்டும் இரும்புல மாத்திப் பண்ணலாமா?

நீராவி_நேசன்
தம்பி, பாய்லர் இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்தே சொல்லிவிடலாம், நீராவியோடு தண்ணீரும் ஏறிப் போகிறது.

இந்தக் காலத்துப் பாய்லர்கள் சின்ன உடம்பு. பழைய பாய்லர்களில் நீர்மட்டத்துக்கு மேலே நீராவி சேர நிறைய இடம் இருந்தது, தண்ணீர்த் துளிகள் அங்கேயே பிரிந்து விழுந்துவிடும். இப்போது அந்த இடம் வெளியே ஹெடருக்கு வந்துவிட்டது. அதனால்தான் கையேட்டில் குழாய்ப் படத்தைப் போட்டு அளவையும் எழுதுகிறார்கள். அந்தக் குழாய் வேலை பாய்லரின் ஒரு பாகம். அதை விட்டுவிட்டால் பாதிப் பாய்லரைத்தான் பொருத்தியதாகக் கணக்கு.

அந்த டீ விஷயமும் தப்பு. நீராவி டீயின் வயிற்றில் மோதி இரண்டு பக்கமும் சிதறினால், துளிகள் சுவரில் அடித்து இரண்டு மெயினுக்கும் அள்ளிக்கொண்டு போகும். ஹெடரின் ஒரு முனையில் ரைசர்கள் ஏற வேண்டும், அதற்கு அடுத்து மெயின்களுக்கான பிரிவுகள், கடைசி முனையில் ஈக்வலைசர் இறங்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும். இரண்டு ரைசர்களுக்கு நடுவில் எந்தப் பிரிவும் வரக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் வரும் நீராவி அங்கே மோதித் தண்ணீரை மேலே தூக்கிவிடும்.

உங்களால் செய்ய முடியும். ஆனால் குளிர் காலத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள்.

சும்மா_சொன்னேன்
நீராவி பாய்லரைப் போய் யூடியூப் பார்த்துக் கழட்டுறதா? வெடிச்சா வீடே இருக்காது. லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க சார். காசைப் பார்த்து உயிரோட விளையாடாதீங்க.

மேகலா_மெக்கானிக்கல்
பயம் நியாயமானது, ஆனா எதுக்குப் பயப்படணும்னு பிரிச்சுப் பார்க்கணும்.

வீட்டு நீராவி சிஸ்டம் ஓடுறது 2 பி.எஸ்.ஐ-க்குள்ள (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டுன்னு அழுத்தத்தை அளக்கிற அலகு). பிரஷர்ட்ரால்ல (அழுத்தத்தைப் பார்த்து பர்னரைப் பிடிக்க, நிறுத்த வைக்கிற கருவி) பொதுவா 0.5-ல பிடிச்சு 1.5-ல நிக்கிற மாதிரி வைப்பாங்க. சேஃப்டி வால்வு 15 பி.எஸ்.ஐ-ல திறக்கும். அந்த வால்வுக்கும் பாய்லருக்கும் நடுவுல எந்த வால்வும் இருக்கக் கூடாது, அதோட வெளியேற்றுக் குழாயை அடைக்கக் கூடாது, தரைப் பக்கமா இறக்கி விடணும். இதுல சமரசமே இல்லை.

நிஜமான ஆபத்து தண்ணி இல்லாம எரியறது. அடியில இருக்கிற ரிட்டர்ன் குழாய் (குளிர்ந்த தண்ணி பாய்லருக்குத் திரும்புற குழாய்) ஓட்டையானா, அந்த வழியா பாய்லர் தண்ணி முழுக்க வெளியே போயிடும். அதுக்குத்தான் ஹார்ட்ஃபோர்ட் லூப். 1865-ல் சுல்தானா என்ற நீராவிக் கப்பல் மிசிசிப்பி ஆத்துல வெடிச்சு ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க. அடுத்த வருஷம், 1866-ல், ஹார்ட்ஃபோர்ட் நகரத்துல பாய்லர் பரிசோதனைக்கும் காப்பீட்டுக்குமான கம்பெனி ஆரம்பிச்சது. அவங்க 1919-ல் பரிந்துரைச்ச இணைப்புதான் இது. ரிட்டர்ன் தண்ணி நேரா பாய்லர் அடியில நுழையாம, ஈக்வலைசர்ல நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வந்து சேரும். ரிட்டர்ன் உடைஞ்சாலும் தண்ணி அந்த உயரம் வரைக்கும்தான் இறங்கும். இன்னைக்கு லோ வாட்டர் கட்-ஆஃப் இருக்கு, ஆனாலும் லூப்பை யாரும் விடறதில்லை.

இன்னொண்ணு: எரிஞ்சு சூடா இருக்கிற பாய்லர்ல தண்ணி இல்லைனு தெரிஞ்சா, உடனே தண்ணி விடக் கூடாது. வார்ப்பிரும்பு பிளந்துடும். அணைச்சு ஆற விடணும்.

மரவீடு, ரேடியேட்டர் எல்லாத்தையும் அளந்து மொத்த இ.டி.ஆர் (ரேடியேட்டர்கள் வெப்பம் கொடுக்கிற அளவு, சதுர அடியில) சொல்ல முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மரவீடு
எல்லா அறையும் ஏறி இறங்கி அளந்தேன். அட்டவணை வச்சுப் பார்த்தா மொத்தம் 350 சதுர அடி இ.டி.ஆர் வருது.

கேஸ் லைன், புகைபோக்கி ரெண்டையும் நான் தொடப் போறதில்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க ஊர்ல குழாய் மாற்றத்துக்கு அனுமதி வாங்கணும், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வீட்டுக்காரரே செய்யலாமானு நகராட்சி அலுவலகத்துல கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் இங்க எழுதறேன்.

நீராவி_நேசன்
அது நல்லது. இடத்துக்கு இடம் விதி மாறும், சில இடங்களில் வீட்டுக்காரர் கை வைக்கவே முடியாது. கேட்காமல் ஆரம்பித்துவிட்டு, ஏதாவது ஆன பிறகு காப்பீட்டுக் கம்பெனியிடம் போய் நிற்பது பெரிய தலைவலி.

மேகலா_மெக்கானிக்கல்
350 இ.டி.ஆர் என்றால், ஒரு சதுர அடிக்கு 240 பி.டி.யு (வெப்ப அலகு) வீதம் மணிக்கு 84,000. குழாய்களைச் சூடாக்குறதுக்காக 1.33-ஆல பெருக்கினா சுமார் 1,12,000. ஒரு பவுண்டு தண்ணியை ஆவியாக்க 970 பி.டி.யு, ஆக மணிக்கு 115 பவுண்டு நீராவி. 1 பி.எஸ்.ஐ-ல ஒரு பவுண்டு நீராவி 25 கன அடிக்கும் மேல இடம் எடுக்கும். விநாடிக்கு 0.8 கன அடி வெளியே வரணும்.

இப்ப உங்க 1½ இஞ்ச் தாமிரக் குழாய் வழியா அது போகணும்னா, வேகம் விநாடிக்கு சுமார் 65 அடி. ஒரே ஒரு 2 இஞ்ச் இரும்புக் குழாயா இருந்தா 35. ரெண்டு 2 இஞ்ச் ரைசரா இருந்தா 17-க்கு வந்துடும். 3 இஞ்ச் ஹெடர்ல 16-க்குள்ள.

65 அடி வேகத்துல போற நீராவிக்கு, தண்ணித் துளியைக் கீழ விட நேரமே இல்லை. அந்த வாய்க்கு நேர் கீழ இருக்கிற தண்ணியையும் உறிஞ்சித் தூக்கும். சைட் கிளாஸ் குதிக்கிறதுக்கு இதுவே போதும். கையேட்டுல சொன்னது குறைந்தபட்சம். ஹெடரை ஒரு அளவு பெருசாப் போட்டா யாரும் வருத்தப்பட்டதில்லை.

தாமிரம்_தான்_தங்கம்
எங்க வீட்டுல தாமிர ஹெடர்தான், ரொம்ப வருஷமா ஓடுது, ஒரு சொட்டு ஒழுகினதில்லை. இங்க எல்லாரும் தாமிரம்னாலே ஏன் இப்படிக் குதிக்கிறீங்கன்னு புரியலை. சுமை கம்மி, மரை வெட்ட வேண்டாம், ஒரு நாள்ல முடிஞ்சிடும்.

மேகலா_மெக்கானிக்கல்
ஓடலாம். உங்க பாய்லருக்கு ஒரே ஒரு ரைசரா?

10 அடி நீளக் குழாயை அறை வெப்பத்துல இருந்து 212 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொண்டு போனா, இரும்பு 0.11 இஞ்ச் நீளும், தாமிரம் 0.16 இஞ்ச். ஹெடர் அவ்வளவு நீளம் இல்லைதான், ஆனா பர்னர் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் நீண்டு சுருங்குது, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. பற்றவச்ச இணைப்பு அசையாது, அதனால இழுவை எங்கேயாவது போய் விழணும். ரெண்டு ரைசர் இருந்தா, வார்ப்பிரும்புப் பாகங்களை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்கும். பாகங்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு ஒழுக ஆரம்பிச்சா பாய்லர் கதை முடிஞ்சது. மரை போட்ட எல்போக்கள் ரெண்டு வச்சு ஸ்விங் ஜாயின்ட் பண்ணினா, மரையே இம்மி திரும்பி அந்த அசைவை வாங்கிக்கும்.

தாமிரம்_தான்_தங்கம்
ஒரே ரைசர்தான். சரி, புரியுது. ஆனா ரிட்டர்னுக்குத் தாமிரம் போட்டதைக் குறை சொல்ல மாட்டீங்கதானே?

நீராவி_நேசன்
நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் தண்ணீர் நிற்கும் ரிட்டர்னில் தாமிரம் தாராளமாகப் போடலாம், நானே போட்டிருக்கிறேன். நீர்மட்டத்துக்கு மேலே நீராவி ஓடும் இடத்தில் இரும்பு.

மரவீடு
என் திட்டம் இது. ரெண்டு வாய்லயும் 2 இஞ்ச் ரைசர், ஒவ்வொண்ணும் ரெண்டு எல்போ வழியா 3 இஞ்ச் ஹெடருக்கு. ஹெடர் அடிப்பாகம் நீர்மட்டத்துல இருந்து 26 இஞ்ச். அடுத்து ரெண்டு மெயினுக்கும் தனித்தனிப் பிரிவு, கடைசில எல்போ, குறுக்கி 1½ இஞ்ச் ஈக்வலைசர். ரிட்டர்ன் சேர்ற இடத்துல 6 இஞ்ச் நிப்பிள் (ரெண்டு முனையிலயும் மரை உள்ள குட்டைக் குழாய்) போட்டு ஈக்வலைசர்ல டீ. நீர்மட்டத்துக்கு 2 இஞ்ச் கீழ. சரியா?

நீராவி_நேசன்
6 இஞ்ச் நிப்பிளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் குளோஸ் நிப்பிள், அதாவது நடுவில் மரை இல்லாத இடமே தெரியாத அளவு குட்டையானது. காரணம் இருக்கிறது. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினால் அந்தப் படுக்கைத் துண்டுக்குள் நீராவி நுழையும். அங்கே குளிர்ந்து வரும் ரிட்டர்ன் தண்ணீரைத் தொட்டதும் நீராவி சட்டென்று சுருங்கும், தண்ணீர் பாய்ந்து வந்து அடிக்கும். 1,700 மடங்கு இடம் எடுத்துக்கொண்டிருந்த ஆவி திரும்பவும் துளியாகிறது அல்லவா, அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேகம்தான் சத்தம். துண்டு நீளமாக இருந்தால் அடி பலமாக விழும்.

ஹெடரின் கடைசியில் குறுக்கும் இடத்திலும் கவனம். 3 இஞ்ச் எல்போவைக் கீழே திருப்பிய பிறகு குறுக்குங்கள். படுக்கையில் வைத்துக் குறுக்கினால் அடியில் ஒரு வரப்பு உருவாகித் தண்ணீர் தேங்கும். ஹெடரே ஈக்வலைசர் பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும்.

ஈக்வலைசர் ஏன் என்று கேட்பவர்களுக்கு: 1 பி.எஸ்.ஐ அழுத்தம் சுமார் 28 இஞ்ச் தண்ணீரைத் தூக்கும். பாய்லருக்குள் அழுத்தம் ஏறினால் அது தண்ணீரை ரிட்டர்ன் வழியாக வெளியே தள்ளப் பார்க்கும். ஈக்வலைசர் அதே அழுத்தத்தை ரிட்டர்ன் பக்கமும் கொடுத்துச் சமன் செய்கிறது. ஹெடரில் பிரிந்த தண்ணீரும் அதன் வழியாகத்தான் வீடு திரும்புகிறது. விரல் மொத்தத்துக்குப் போட்டால் இரண்டும் நடக்காது.

பாதாள_அறை
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 1920 வீடுன்னு சொன்னீங்க. மெயின் குழாய் மேல வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி, துணி சுத்தின உறை இருக்கா? இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்க நிறைய வாய்ப்பு. ரெஞ்ச் வைக்கிறதுக்கு முன்னாடி ஆய்வகத்துல சோதிக்கணும். ஆமான்னு வந்தா, அகற்ற உரிமம் உள்ளவங்கதான் எடுக்கணும். நீங்களே உடைச்சா தூள் வீடு முழுக்கப் பரவும், அப்புறம் துடைச்சு முடியாது.

மரவீடு
இருக்கு. பாய்லர் பக்கம் மட்டும் யாரோ ஏற்கனவே எடுத்துட்டாங்க, ஆனா மெயின் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கு. சோதனைக்கு ஆளைக் கூப்பிடறேன். நன்றி, இதை நான் யோசிக்கவே இல்லை.

இரும்புக்கடை
நானும் போன கோடையில இதே வேலையைப் பண்ணினவன். கருவிகள்தான் பெரிய விஷயம். 2 இஞ்சுக்கு 24 இஞ்ச் ரெஞ்ச் ரெண்டு, 3 இஞ்சுக்கு 36 இஞ்ச் ரெஞ்ச். வாடகைக்கு எடுங்க. 3 இஞ்ச் ஷெட்யூல் 40 குழாய் அடிக்கு ஏழரைப் பவுண்டு, அதோட டீக்கள் வேற. நாலடி ஹெடரைக் கோர்த்த பிறகு ஒத்தை ஆளாத் தூக்கி மரையில பிடிக்க வைக்க முடியாது. தாங்கு கம்பி முதல்லயே கட்டிடுங்க.

மரை உள்ள போற ஆழத்தைக் கணக்குல எடுங்க. 2 இஞ்சுல ஒவ்வொரு இணைப்பும் சுமார் முக்கால் இஞ்ச் விழுங்கும். நிப்பிள் வாங்கறதுக்கு முன்னாடி தரையில சாக்பீஸால முழு அளவு படம் போட்டுப் பார்த்தேன், ரொம்ப உதவிச்சு. அளவு ஒத்துவராத துண்டுகளை மட்டும் கடையில கொடுத்து மரை வெட்டி வாங்கினேன்.

ஒரு முக்கியமான விஷயம்: மரை கூம்பு வடிவம், போகப் போக இறுகும். எல்போ திசைக்கு வரலைன்னு பின்னாடி திருப்பினா ஒழுகும். எப்பவும் முன்னாடிதான் திருப்பணும். டெஃப்லான் டேப், அதுக்கு மேல பைப் டோப் (மரையில பூசற பசை), ரெண்டும் போட்டேன்.

பழைய எல்போ வராம அடம் பிடிச்சா ரெஞ்சோட மல்லுக்கட்டாதீங்க. வார்ப்பிரும்பு ஃபிட்டிங்கா இருந்தா, ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து மறுபக்கம் இன்னொரு சுத்தியலால அடிங்க, விரிசல் விட்டு விழுந்துடும். கண்ணாடி போட்டுக்கோங்க. இதனாலதான் புதுசாப் போடறதும் வார்ப்பிரும்பு ஃபிட்டிங்கா இருக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. மாலியபிள் (வளைஞ்சு கொடுக்கிற இரும்பு) போட்டா உடையாது, நாளைக்குக் கழட்டறவன் திட்டுவான்.

சும்மா_சொன்னேன்
மரை எல்லாம் எதுக்கு, இப்ப பிரஸ் ஃபிட்டிங் வந்திருக்கே. டக்குன்னு அழுத்தினா முடிஞ்சது.

மேகலா_மெக்கானிக்கல்
முதல்ல தொடவே கூடாதுன்னீங்க, இப்ப டக்குன்னு முடிக்கச் சொல்றீங்க 🙂

பிரஸ் ஃபிட்டிங் உள்ள ரப்பர் வளையம் நீராவிக்கு ஏத்ததான்னு அதைத் தயாரிச்சவர் எழுத்துல சொல்லணும். தண்ணிக்குன்னு வர்ற சாதாரண வளையம் நீராவிக்கு ஆகாது. ஏத்த வளையம் கிடைச்சாலும் அந்த இணைப்பு திரும்பாது, ஸ்விங் ஜாயின்ட் இடத்துல மரைதான் வேணும். என் வீடா இருந்தா முழுக்க மரையே போடுவேன்.

நீராவி_நேசன்
உயரம் இருந்தால் டிராப் ஹெடரையும் யோசியுங்கள். ரைசர் ஹெடருக்கு மேலே போய், வளைந்து, மேலிருந்து ஹெடருக்குள் இறங்கும். ஹெடரில் விழுந்த தண்ணீர் திரும்ப ரைசருக்குள் போக முடியாது, ஈக்வலைசரைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. உலர்ந்த நீராவி கிடைக்கும். அளவு ஒரு இஞ்ச் முன்னே பின்னே இருந்தாலும் எல்போக்களைத் திருப்பிச் சரிக்கட்டிவிடலாம் என்பதால், முதல் தடவை செய்கிறவர்களுக்கு இது உண்மையில் சுலபம். ஃபிட்டிங் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

மரவீடு
எல்லாருக்கும் நன்றி. ஆஸ்பெஸ்டாஸ் இருந்த பகுதியை உரிமம் உள்ளவங்க வந்து எடுத்துட்டாங்க. பேஸ்மென்ட் கூரை உயரம் இருந்ததால நேசன் அண்ணா சொன்ன டிராப் ஹெடரே போட்டேன். மச்சான் கூட நின்னு தூக்கினார். மெயின் பிரிவுகள் ரெண்டுலயும் செங்குத்துப் பகுதில யூனியன் (குழாயைத் திருப்பாமலே கழட்டக்கூடிய இணைப்பு) வச்சிருக்கேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், சேஃப்டி வால்வு குழாயைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார், சரின்னுட்டார்.

டங் டங் சத்தம் சுத்தமா நின்னுடுச்சு! ஆனா நீர்மட்டம் இன்னும் ஆடுது. முன்ன மாதிரி காணாம போறதில்லை, ஆனா கண்ணாடில ரெண்டு இஞ்ச் மேல கீழ ஆடுது. கண்ணாடியோட உள்பக்கம் மேல எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டியிருக்கு.

நீராவி_நேசன்
பிசுக்கு என்றால் அது மரை வெட்டிய எண்ணெய்தான். புதுக் குழாய் போட்டால் வந்தே தீரும். தண்ணீரின் மேல் எண்ணெய் படிந்தால் ஆவி சுலபமாக வெளியே வராது, பால் பொங்குவது மாதிரி தண்ணீர் பொங்கும். கீழ் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்தால் எண்ணெய் போகாது. அது மேலே மிதக்கிறது, தண்ணீர் இறங்க இறங்கப் பாய்லரின் உட்சுவரில் பூசிக்கொள்ளும்.

ஸ்கிம் செய்ய வேண்டும், அதாவது மேலே மிதக்கும் படலத்தை வழியவிட்டு எடுக்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு பெரிய பிளக் இருக்கும். பாய்லர் ஆறியிருக்கும்போது அதைக் கழற்றி, நிப்பிளும் வால்வும் போட்டு வாளியைக் கீழே வையுங்கள். பிறகு தண்ணீரைக் கொதிக்கவிடாமல், ஆவி வராத அளவுக்கு மட்டும் சூடாக்கி பர்னரை அணைத்துவிட்டு, தண்ணீரை மிக மெதுவாக ஏற்றுங்கள். அந்த வாயிலிருந்து பென்சில் மொத்தத்துக்கு மேல் ஒழுகக் கூடாது. மேல்படலம் மட்டும் வழிந்து வர வேண்டும். வேகமாக விட்டால் நல்ல தண்ணீர்தான் வரும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். மணிக்கணக்கில் ஆகும், நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஹெடரில் இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கி வரும்.

முடித்ததும் நீர்மட்டத்தைச் சரிசெய்து ஆவி வரும்வரை கொதிக்க விடுங்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் வெளியே போகட்டும். அப்படியே விட்டால் இரும்பைத் தின்னும்.

இரும்புக்கடை
இணைப்புகள்ல கசிவு பார்க்க ஒரு வழி: ஆவி ஓடும்போது முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை ஒவ்வொரு இணைப்பு பக்கத்துலயும் காட்டுங்க. கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தா கண்ணாடி மங்கும். கையை வச்சுப் பார்க்காதீங்க.

மரவீடு
ஸ்கிம் பண்ணினேன். முதல் வாளில வானவில் கலர்ல படலம் மிதந்துச்சு. ரெண்டாவது முறை பண்ணின பிறகு அது ரொம்பக் குறைஞ்சுது. இப்ப கண்ணாடில அரை இஞ்ச்தான் ஆடுது. முன்னறை வென்ட் துப்பறதும் நின்னுடுச்சு. ஈக்வலைசர் யூனியன் ஒண்ணு மட்டும் கண்ணாடியை மங்க வச்சது, ஆற விட்டு இறுக்கினதும் சரியாயிடுச்சு.

ஒரு சந்தேகம் பாக்கி. மாடி ரேடியேட்டர் சூடாக இன்னும் நேரமாகுது. அழுத்தத்தைக் கொஞ்சம் ஏத்தவா?

நீராவி_நேசன்
ஏற்ற வேண்டாம். அழுத்தம் ஏறினால் நீராவி வேகமாகப் போகும் என்பது பலரும் நினைப்பது. குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியே போனால்தான் நீராவி உள்ளே வரும். மெயின் இரண்டின் கடைசியிலும் பெரிய வென்ட் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் யாரோ பெயின்ட் அடித்து அடைத்திருப்பார்கள், அல்லது ரேடியேட்டருக்குப் போடும் குட்டி வென்ட்டை வைத்திருப்பார்கள். அதை மாற்றுங்கள். கூடவே மெயின் சரிவையும் மட்டம் வைத்துப் பாருங்கள். நீராவியும் தண்ணீரும் ஒரே திசையில் போனால் 20 அடிக்கு 1 இஞ்ச், எதிரெதிர்த் திசை என்றால் 10 அடிக்கு 1 இஞ்ச். ஆஸ்பெஸ்டாஸ் எடுத்த இடத்தில் ஒரு இஞ்ச் கண்ணாடியிழை உறையும் போடுங்கள், வெறும் குழாய் பேஸ்மென்ட்டைத்தான் சூடாக்கும்.

மரவீடு
பார்த்தேன் அண்ணா. ஒரு மெயின்ல குட்டி வென்ட், இன்னொண்ணுல வென்ட்டே இல்லை, வெறும் பிளக். உறையோட சேர்த்து ரெண்டையும் வாங்கப் போறேன். பிளக் இருக்கிற இடம் ரிட்டர்ன் இறங்கற எல்போவுக்கு ஒட்டி இருக்கு, அங்கேயே வைக்கலாமா, இல்ல கொஞ்சம் தள்ளி வைக்கணுமா?

நீராவி_நேசன்
எல்போவிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி, 6 இஞ்ச் நிப்பிள் போட்டு உயர்த்தி வையுங்கள். எல்போவில் தண்ணீர் மோதித் தெறித்து வென்ட்டைக் கெடுத்துவிடும். தள்ளி வைக்க வழியே இல்லையென்றால், அதே இடத்தில் நிப்பிளை இன்னும் உயரமாக்குங்கள்.